கவர் போட்டால் வயர்லெஸ் சார்ஜ் ஏறாதா?

வாசகர் ஒருவரின் நீண்ட கடிதம் இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

எட்டு மாதத்துக்கு முன் வாங்கிய போன். பேட்டரி 5000 மில்லியாம்ப்-மணி. வயர்லெஸ் சார்ஜிங் உண்டு, ஆனால் முதுகில் காந்த வளையம் இல்லாத மாடல். கைதவறிக் கீழே போடும் பழக்கம் இருப்பதால் இரண்டடுக்குக் கெட்டிக் கவர் மாட்டியிருக்கிறார். கவரின் பின்புறம் ஒரு கார்டு செருகும் பை. காரில் காந்த ஸ்டாண்டில் நிற்பதற்காகக் கவருக்கும் போனுக்கும் நடுவே மெல்லிய இரும்புத் தகடு ஒன்றும் வைத்திருக்கிறார்.

படுக்கப் போகும்போது 34 சதவீதத்தில் சார்ஜிங் பேடில் வைத்தால் காலையில் 51தான். ராத்திரி முழுக்க விட்டுவிட்டு 'டிங்' என்று சத்தம். பேடின் விளக்கு பச்சையில் ஆரம்பித்துச் சிவப்பில் சிமிட்டுகிறது. எடுத்துப் பார்த்தால் போனின் முதுகு சுடுகிறது. ஒருநாள் கவர், தகடு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வைத்தபோது சார்ஜ் ஏறியிருக்கிறது, ஆனால் மெதுவாக. பேடுடன் அடாப்டர் வரவில்லை என்பதால் பழைய போனின் அடாப்டரில் சொருகியிருக்கிறார்.

கவர் விற்றவர், "பிளாஸ்டிக் கனமாக இருந்தால் கரண்ட் உள்ளே போகாது, மெல்லிசாக ஒன்று வாங்குங்கள்" என்றாராம். சர்வீஸ் சென்டரில், "உள்ளே காயில் (சார்ஜை வாங்கும் கம்பிச் சுருள்) போய்விட்டது, வெளிக் கவர் போட்டதால் வாரண்டி கிடையாது, பணம் கட்டி மாற்றிக்கொள்ளுங்கள்" என்றார்களாம். இதற்கிடையில் கவரில் வைத்திருந்த வங்கிக் கார்டு, மெஷினில் தட்டினால் வேலை செய்யாமல் போய்விட்டது. காயிலை மாற்றுவதா, கவரை மாற்றுவதா, கவரின் நடுவில் வட்டமாக வெட்டி எடுத்துவிட்டால் என்ன, பேட்டரி பாழாகியிருக்குமா, பேஸ்மேக்கர் வைத்திருக்கும் அப்பா அதே அறையில் தூங்கலாமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார். கடைசி வரியில், "கவரே போடக்கூடாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்" என்று ஒரு வேண்டுகோள்.

வணக்கம். சொல்ல மாட்டேன். நீங்கள் கவரோடு இருக்கலாம். காயிலுக்கும் இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வைத்தபோது சார்ஜ் ஏறியது என்று எழுதியிருக்கிறீர்கள். காயில் அறுந்திருந்தால் கவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றும் ஏறாது. மெதுவாக ஏறுவதற்கு வேறு காரணம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

என் கணிப்பில் உங்களுக்கு இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள். ஒன்று, அந்த இரும்புத் தகடு. இன்னொன்று, பழைய அடாப்டர். இரண்டும் சேர்ந்துகொண்டதால் ஒன்றைச் சரிசெய்தபோதும் பலன் முழுதாகத் தெரியவில்லை. பழி கவர் மேலும் காயில் மேலும் விழுந்துவிட்டது.

பிளாஸ்டிக் தடுப்பதில்லை, தூரம்தான் தடுக்கிறது

கவர் விற்றவர் சொன்னது பாதி உண்மை. பேடின் உள்ளே ஒரு செம்புச் சுருள் இருக்கிறது. அதில் ஓடும் மின்சாரம் நொடிக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் திசை மாறுகிறது. அதனால் உண்டாகும் காந்தப்புலம் போனுக்குள் இருக்கும் இன்னொரு சுருளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. 1831இல் ஃபாரடே கண்டறிந்த அதே தூண்டல்தான், புதிதாக ஒன்றும் இல்லை. இந்தக் காந்தப்புலத்துக்கு பிளாஸ்டிக், ரப்பர், சிலிகான், தோல், மரம், கண்ணாடி எல்லாம் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். போனின் முதுகைக் கண்ணாடியிலோ பிளாஸ்டிக்கிலோ செய்வதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

அப்படியானால் கெட்டிக் கவர் ஏன் சில நேரம் தொந்தரவு தருகிறது? கவர் எதனால் ஆனது என்பதால் அல்ல. அது சுருள்கள் இரண்டையும் விலக்கி வைப்பதால். இந்தச் சுருள்களின் குறுக்களவே சில சென்டிமீட்டர்தான். ஒட்டி இருக்கும்வரை புலத்தின் பெரும்பகுதி போன் சுருளுக்குள் போகும். ஒவ்வொரு மில்லிமீட்டர் விலகும்போதும் சிதறுவது கூடும். சுமார் 3 மில்லிமீட்டர் வரையிலான கவர்கள் பொதுவாகப் பிரச்சினை தருவதில்லை. அதற்கு மேல் போனால் போனையும் பேடையும் பொறுத்தது.

கவரின் கனத்தை அளக்கும்போது பலர் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். கேமராவைக் காப்பாற்றுவதற்காகக் கவரின் பின்புறம் கேமராவைச் சுற்றி ஒரு விளிம்பு எழும்பியிருக்கும். பேட் அகலமாக இருந்து அந்த விளிம்பு அதன் மேல் உட்கார்ந்தால் போன் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். கவரின் கனம் 2 மில்லிமீட்டர்தான், ஆனால் சுருள்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி அதற்கும் மேல். போனைப் பேடில் வைத்துவிட்டு உங்கள் கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பக்கவாட்டில் பாருங்கள். அடியில் வெளிச்சம் தெரிந்தால் விஷயம் புரிந்துவிடும். கேமரா விளிம்பு பேடுக்கு வெளியே தொங்குகிற மாதிரி சற்றுக் கீழே இறக்கி வைத்தாலே பல நேரங்களில் சரியாகிவிடும்.

இன்னொரு விஷயம். கெட்டிக் கவர் எப்போதும் வேகத்தில் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. போனும் பேடும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டேதான் இருக்கின்றன. தனக்கு வருவது போதவில்லை என்றால் போன், "இன்னும் கொடு" என்று பேடுக்குச் சொல்லும். பேடும் சுருளில் மின்சாரத்தைக் கூட்டும். சார்ஜ் அதே வேகத்தில் ஏறலாம், ஆனால் வழியில் வீணாவது கூடும், அது அத்தனையும் சூடாக மாறும். ஆகவே கவரோடு வைக்கும்போது சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள், முதுகைத் தொட்டும் பாருங்கள்.

உங்கள் தகடு செய்த வேலை

இப்போது அசல் குற்றவாளிக்கு வருவோம். மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தில் ஓர் உலோகத் துண்டை வைத்தால், அந்த உலோகத்துக்குள்ளேயே சின்னச் சின்னச் சுழல்களாக மின்சாரம் ஓடும். உலோகம் சூடாகும். இண்டக்‌ஷன் அடுப்பில் பாத்திரம் சூடாவது இப்படித்தான். உங்கள் பேட் கொடுத்த சக்தியில் ஒரு பங்கைத் தகடு தின்றுவிட்டது. அது கவருக்கும் போனுக்கும் நடுவே இருந்ததால் அந்தச் சூடு நேராகப் போனின் முதுகில் இறங்கியது. வெளியே போகவும் வழியில்லை, ஏனென்றால் மேலே இரண்டடுக்குக் கெட்டிக் கவர்.

சிவப்பு விளக்கு ஏன் என்பதும் இதிலிருந்தே தெரிகிறது. எனக்கு இவ்வளவு வந்து சேர்ந்தது என்று போன் அடிக்கடி பேடுக்குக் கணக்குச் சொல்லும். தான் அனுப்பியதையும் போனுக்குச் சேர்ந்ததையும் பேட் ஒப்பிட்டுப் பார்க்கும். நடுவில் அளவுக்கு மேல் காணாமல் போனால், "இடையில் ஏதோ உலோகம் இருக்கிறது" என்று முடிவுசெய்து நிறுத்திவிடும். நாணயம், சாவி, பேப்பர் கிளிப் போன்றவை சூடாகித் தீங்கு செய்துவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு இது. உங்கள் பேட் கெட்டுப்போகவில்லை. செய்ய வேண்டியதைத்தான் செய்திருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயற்சி செய்யும், அப்போது ஒரு 'டிங்', மறுபடி நிறுத்தம். இரவு முழுக்க நடந்தது இந்தக் கூத்துதான்.

கணக்குப் போட்டுப் பார்த்தாலும் ஒத்துவருகிறது. 5000 மில்லியாம்ப்-மணி பேட்டரியில் கிட்டத்தட்ட 19 வாட்-மணி சக்தி அடங்கும். 34இலிருந்து 51 என்றால் ஏறியது 17 சதவீதம், அதாவது 3 வாட்-மணிக்குச் சற்று மேல். ஒழுங்காக வேலை செய்யும் 10 வாட் பேட் இதை அரை மணி நேரத்தில் தந்துவிடும். ஆக, மிச்ச நேரமெல்லாம் பேட் பெரும்பாலும் சும்மாதான் இருந்திருக்கிறது.

விளக்கையும் சத்தத்தையும் கவனித்தால் நோயைப் பிரித்தறியலாம். போனை வைத்ததும் ஒன்றுமே நடக்கவில்லை, விளக்குகூட மாறவில்லை என்றால், பேட் அவ்வப்போது அனுப்பிப் பார்க்கும் சிறு துடிப்பு போனை எட்டவில்லை. இடைவெளி அதிகம், அல்லது போனை வெகுவாக ஓரத்தில் வைத்திருக்கிறீர்கள். ஏறுகிறது, ஆனால் போனில் மெசேஜ் வந்து அதிர்ந்தபின் நின்றுபோகிறது என்றால், வழவழப்பான பேடில் போன் அங்குலம் அங்குலமாக நகர்ந்திருக்கும். உங்களைப் போல ஏறி, சூடாகி, சிவப்புச் சிமிட்டினால் முதலில் உலோகத்தைத் தேடுங்கள். விளக்கின் நிறங்கள் பேடுக்குப் பேட் மாறும், அதனால் அதனுடன் வந்த துண்டுச்சீட்டை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. (யாரும் பார்ப்பதில்லை, தெரியும்.)

"உலோகம் ஆகாது என்றால் காந்தக் கவர்கள் மட்டும் எப்படி வேலை செய்கின்றன?" என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து கேட்பீர்கள். 2020இல் ஐபோன் 12உடன் வந்த மேக்சேஃப் என்னும் ஆப்பிளின் காந்தச் சார்ஜிங் முறை, அதன் அடிப்படையில் 2023இல் வந்த கியூஐ 2 என்னும் பொதுவான வயர்லெஸ் சார்ஜிங் தரம், இரண்டிலும் காந்தங்கள் சுருளைச் சுற்றி வளையமாக நிற்கின்றன, சுருளின் மேல் அல்ல. நடுப்பகுதி திறந்தே இருக்கும். வளையமும் ஒரே துண்டாக இல்லாமல் சிறு துண்டுகளாக, இடையில் வெட்டு விட்டு இருக்கும். முழுதாக மூடிய உலோக வளையம் என்றால் அதுவே ஒரு சுருள் மாதிரி மின்சாரத்தைச் சுற்றவிட்டுச் சூடாகிவிடும். உங்கள் தகடோ நட்டநடுவில் சுருளை மூடிக்கொண்டிருந்தது.

நிஜக் கார்பன் ஃபைபர் கவர்களிலும் கவனம் தேவை. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். பார்ப்பதற்கு அதே பின்னல் தோற்றத்தில் வரும், மின்சாரத்தைக் கடத்தாத செயற்கை இழையான அராமிட் நாரில் அந்தத் தொல்லை இல்லை. கடையில் இரண்டையும் கண்ணால் பிரிப்பது கஷ்டம், கவர் அட்டைப்பெட்டியில் வயர்லெஸ் சார்ஜிங்குக்குப் பொருந்தும் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கவருக்குள்ளேயே பேட்டரி வைத்து வருபவையும் பெரும்பாலும் வயர்லெஸ் சார்ஜைப் போனுக்கு விடாது. மற்றபடி டிசைன், நிறம், மினுமினுப்புக்கெல்லாம் பயப்படத் தேவையில்லை.

பழைய அடாப்டர்

இது சின்ன விஷயம், சீக்கிரம் முடித்துவிடலாம். அந்த அடாப்டரை எடுத்து, சொருகும் பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். அவுட்புட் என்ற இடத்தில் 5 வோல்ட், 1 ஆம்பியர் என்று இருந்தால் மொத்தமே 5 வாட். வழியில் வீணாவது போக அதுகூட முழுதாகப் போனுக்கு வராது. பேடின் பெட்டியில் 15 வாட் என்று எவ்வளவு பெரிதாக அச்சிட்டிருந்தாலும் சரி, பின்னால் இருக்கும் அடாப்டர் கொடுத்தால்தானே முன்னால் வரும்? அந்த 15 என்பது உச்ச அளவு. போன், பேட், அடாப்டர், கேபிள் நான்கும் ஒத்துப்போனால்தான் கிடைக்கும். பேடின் குறிப்பில் எந்த வகை அடாப்டர் கேட்கிறது என்று பார்த்து, அதற்கேற்ற ஒன்றைப் போடுங்கள். கவரைக் கழற்றியும் மெதுவாக ஏறியதற்கு இதுதான் காரணம் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்வேன்.

காசு செலவழிக்கும் முன் ஒரு சோதனை

என் கணிப்பை நீங்கள் அப்படியே நம்ப வேண்டியதில்லை. சரியான அடாப்டரைப் போட்டபின், போன் 30 முதல் 40 சதவீதத்தில் இருக்கும்போது தொடங்குங்கள். 80க்கு மேல் எந்தப் போனும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அங்கே சோதித்தால் குழப்பம்தான் மிஞ்சும். திரையை அணைத்துவிட்டு அரை மணி நேரம் வெறும் போனை வையுங்கள். எத்தனை சதவீதம் ஏறியது, முதுகு எவ்வளவு சுடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். போன் ஆறியபின், தகடும் கார்டும் இல்லாமல் கவரை மட்டும் மாட்டி அதே அரை மணி. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் உங்கள் கெட்டிக் கவர் நிரபராதி. இரண்டாவதில் கணிசமாகக் குறைந்தால் அப்போது கவரை மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். மூன்றாவதாகத் தகடோடு சோதிக்க வேண்டாம், அதன் முடிவு ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது.

வைக்கும்போது இடத்திலும் கவனம் இருக்கட்டும். பெரும்பாலான போன்களில் சுருள் முதுகின் நடுவில் இருக்கும், சிலவற்றில் சற்று ஏறியோ இறங்கியோ இருக்கும். ஒரு விரல் அகலம் மேலும் கீழும் நகர்த்திப் பார்த்து, திரையில் வேகமான வயர்லெஸ் சார்ஜிங் என்று வரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். காந்தம் இல்லாத போனில் இந்த நகர்த்தலால் வரும் வித்தியாசம், கவரைக் கழற்றுவதால் வரும் வித்தியாசத்தைவிடப் பல சமயம் பெரிது.

வெறும் போனில் சரியான அடாப்டரோடும் ஏறவில்லை, வேறொரு பேடிலும் ஏறவில்லை என்றால் மட்டுமே காயிலைச் சந்தேகிக்கலாம்.

வாரண்டி விஷயம்

"வெளிக் கவர் போட்டதால் வாரண்டி இல்லை" என்று கவுண்டரில் வாய்மொழியாகச் சொல்வது சுலபம். பொதுவாக வாரண்டி விதிகளில் இருப்பது வேறு: வெளி உபகரணத்தால் உண்டான சேதத்துக்குப் பொறுப்பேற்க மாட்டோம் என்பது. கவர் மாட்டியிருந்தார் என்பதும் கவரால் சேதம் உண்டானது என்பதும் ஒன்றில்லை. ஆகவே மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: எந்தப் பாகம் பழுது, எந்தச் சோதனையில் தெரிந்தது, வாரண்டியின் எந்த விதிப்படி மறுக்கிறீர்கள். போனைத் திறந்து பார்த்தார்களா என்பதையும் விசாரியுங்கள். திறக்காமல், தங்கள் பேடில் வெறும் போனை வைத்தும் பார்க்காமல், காயில் போய்விட்டது என்று சொல்லியிருந்தால் அது கண்டுபிடிப்பு அல்ல, ஊகம். எழுத்தில் கேட்டதும் பல இடங்களில் பேச்சின் தொனியே மாறும்.

அதே நேரத்தில் உங்கள் பக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். இரும்புத் தகடு வைத்ததை மறைக்காதீர்கள். நாளைக்கு உண்மையாகவே சூட்டால் ஏதாவது கெட்டிருந்தால், அதை உற்பத்திக் குறை என்று வாதாடுவது கஷ்டம். கவர் விற்றவரிடம், வயர்லெஸ் சார்ஜிங்குக்கு ஏற்றது என்று பெட்டியில் எழுதி விற்றிருந்து, தகடு இல்லாமலும் அது வேலை செய்யவில்லை என்றால், திருப்பிக் கேட்க உங்களுக்கு நியாயம் உண்டு. ரசீதையும் அந்த அட்டைப்பெட்டியையும் தூக்கி எறியாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. அதிகாரப்பூர்வமல்லாத இடத்தில் போனைத் திறக்கச் சம்மதிக்காதீர்கள், குறைந்தபட்சம் மேலே சொன்ன சோதனை முடியும்வரை. முதுகைச் சூடாக்கித்தான் பிரிப்பார்கள். தண்ணீர் புகாமல் காக்கும் பசை அப்போது போய்விடும், மறுபடி அதே தரத்தில் ஒட்டப்படும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இல்லாத நோய்க்கு அறுவை சிகிச்சை வேண்டாமே.

பேட்டரி, கார்டு, அப்பா

பேட்டரியைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது, ஆனால் கொஞ்சம் அதிகம். லித்தியம் பேட்டரிக்குச் சூடு எதிரிதான், அதுவும் நிறைந்த நிலையில் சூடாகவே கிடப்பது அதன் ஆயுளை வேகமாகக் குறைக்கும். உங்கள் போன் சூடானது நடுத்தர அளவில் சார்ஜ் இருக்கும்போது. தவிர, சூடு எல்லை தாண்டினால் போனே சார்ஜை நிறுத்திக்கொள்ளும். சில இரவுகளில் கொஞ்சம் தேய்மானம் கூடியிருக்கலாம், பாழாகியிருக்காது. செட்டிங்கில் பேட்டரி ஆரோக்கியம் காட்டும் இடம் இருந்தால் பாருங்கள். பின்பக்கம் உப்பியிருந்தாலோ திரை ஓரத்தில் தூக்கியிருந்தாலோ மட்டும் சார்ஜ் போடாமல் உடனே காட்டுங்கள். இனிமேல் இரவு முழுக்கப் பேடில் விடுவதாக இருந்தால், 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி போனில் இருக்கிறதா என்று தேடி அதைப் போட்டுவிடுங்கள். தலையணைக்கு அடியிலோ மெத்தை மேலோ பேடை வைக்க வேண்டாம்.

வங்கிக் கார்டு அநேகமாக இதனால்தான் போயிருக்கும். தட்டிப் பணம் கட்டும் கார்டுக்குள் ஒரு மெல்லிய ஆன்டெனாவும் சிப்பும் இருக்கின்றன. கார்டு மெஷினின் பலவீனமான புலத்தில் வேலை செய்ய அமைக்கப்பட்டவை அவை. சார்ஜிங் பேடின் புலம் அதைவிட மிக வலுவானது, அதில் இரவுகள் கிடந்தால் சிப் கெடலாம். கார்டு வளைந்திருக்கிறதா, ஓரிடத்தில் மட்டும் நிறம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் சூடு பட்டதற்கு அடையாளம். வங்கியில் மாற்றுக் கார்டு கேளுங்கள். சிப் வைத்த பாஸ்போர்ட், அலுவலக நுழைவு அட்டை, காரின் ஸ்மார்ட் சாவி எதையும் போனுக்கும் பேடுக்கும் நடுவே வைக்கக் கூடாது. கறுப்புக் காந்தப் பட்டை உள்ள கார்டுகளுக்குக் காரின் காந்த ஸ்டாண்டும் ஆபத்துதான். ஆக, உங்கள் கவரின் அந்தப் பை, வயர்லெஸ் சார்ஜ் போடும் நேரமெல்லாம் காலியாக இருக்க வேண்டும்.

அப்பா விஷயத்தில் அலட்சியம் வேண்டாம், பதற்றமும் வேண்டாம். இந்தப் பேடுகளின் புலம் சில சென்டிமீட்டரிலேயே வெகுவாகக் குறைந்துவிடும். அறையின் மறுபக்கம் தூங்குபவருக்கு ஒன்றும் ஆகாது. பேஸ்மேக்கருக்கு மிக அருகில் கொண்டுபோவதுதான் பிரச்சினை. தன் மேக்சேஃப் சாதனங்களை மருத்துவக் கருவியிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி வைக்கவும், வயர்லெஸ் சார்ஜ் ஆகும்போது 30 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி வைக்கவும் ஆப்பிள் நிறுவனம் சொல்கிறது. உங்கள் போன் வேறாக இருந்தாலும் இந்த 30 சென்டிமீட்டரைக் குறைந்தபட்ச அளவாக வைத்துக்கொள்ளுங்கள். பேடை அவர் தலைமாட்டில் வைக்காதீர்கள். காந்த வளையம் உள்ள போனையோ கவரையோ அவர் சட்டைப் பையில் போட வேண்டாம். அடுத்த முறை இதய மருத்துவரிடம் போகும்போது, பொருத்தியிருக்கும் கருவியின் மாடலைச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், இதில் கடைசி வார்த்தை அவருடையதுதான். கெட்டிக் கவர் போட்டால் கதிர்வீச்சு குறையும் என்று எழுதியிருந்தீர்கள். இந்தக் காந்தப்புலத்தைப் பிளாஸ்டிக் குறைக்காது. விலகி இருந்தால்தான் குறையும்.

இனி என்ன செய்யலாம்

உங்கள் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. முதலாவது, இப்போதிருக்கும் கவரையே வைத்துக்கொண்டு தகட்டையும் கார்டையும் எடுத்துவிடுவது. செலவு இல்லை. காருக்குப் பக்கவாட்டில் கவ்விப் பிடிக்கும் ஸ்டாண்ட் ஒன்று வேண்டியிருக்கும். சோதனையில் கவர் நிரபராதி என்று தெரிந்தால் நான் இதைத்தான் சொல்வேன்.

இரண்டாவது, காந்த வளையம் பதித்த கவருக்கு மாறுவது. காரில் காந்த ஸ்டாண்ட் உங்களுக்கு அவ்வளவு முக்கியம் என்றால் இதுதான் நல்ல வழி, ஏனென்றால் அதே வளையம் காரிலும் நிற்கும், காந்தப் பேடிலும் சரியான இடத்தில் தானாக ஒட்டிக்கொள்ளும். போனிலேயே காந்தம் இல்லாமல், கவரில் காந்தம் இருப்பதை நம்பி வரும் போன்களும் உண்டு, 2025இல் வந்த கேலக்ஸி எஸ்25 வரிசை அப்படித்தான். ஆனால் உங்கள் மாடலுக்கென்றே செய்த கவராக இருக்க வேண்டும். எல்லாப் போனுக்கும் ஒட்டலாம் என்று விற்கும் ஸ்டிக்கர் வளையத்தை நீங்களே ஒட்டினால், அது சுருளின் மையத்திலிருந்து விலகிப்போக வாய்ப்பு அதிகம். அப்புறம் ஒவ்வொரு முறையும் தப்பான இடத்திலேயே உறுதியாக ஒட்டிக்கொண்டு நிற்கும், கையால் வைத்ததே தேவலை என்று ஆகிவிடும்.

மூன்றாவது, தகட்டைச் சுருளிலிருந்து கீழ் ஓரத்துக்கு நகர்த்துவது. பலர் செய்கிறார்கள், சிலருக்கு வேலையும் செய்கிறது. ஆனால் போன் தலைகனத்துக் கார் ஸ்டாண்டில் சாயும், தகடு முழுதாகப் புலத்துக்கு வெளியே போய்விட்டதா என்பதும் உங்களுக்கு நிச்சயமாகத் தெரியாது. எனக்கு இதில் விருப்பம் இல்லை.

நான்காவது, நீங்கள் சொன்னபடி கவரின் நடுவில் வட்டமாக வெட்டுவது. பேட் அந்த ஓட்டைக்குள் அடங்கினால் இடைவெளி குறையும், மறுப்பதற்கில்லை. ஆனால் இரண்டடுக்குக் கவரை வாங்கியதே விழுந்தால் தாங்குவதற்காக. நடுவில் ஓட்டை போட்டால் கவர் வளையும், வெட்டிய விளிம்பு முதுகுக் கண்ணாடியைச் சுரண்டும், ஓட்டை வழியே பேடில் இருக்கும் மணல்துகள் நேராகக் கண்ணாடியில் உரசும். கத்தியைக் கீழே வையுங்கள்.

அவசரமாகக் கிளம்ப வேண்டிய நாட்களில் கேபிளையே சொருகுங்கள். அதில் வீணாவதும் குறைவு, சூடும் குறைவு, எந்தக் கவரானாலும் அதற்குக் கவலை இல்லை. சோதனை முடிந்ததும் இரண்டு அரை மணி நேர அளவுகளையும், அடாப்டரில் என்ன எழுதியிருந்தது என்பதையும் எழுதி அனுப்புங்கள். வெறும் போனில் அரை மணியில் 10 சதவீதத்துக்குக் கீழே நின்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது பேடின் கேபிள்.